எட்னா எடுத்து வைக்கிற பாதி

மற்ற ஆக்களின்ரை வீட்டிலை சம்பளத்துக்கு இருந்துகொண்டு, இது எங்கடை வீடில்லை எண்டதை ஒவ்வொரு நாளும் எங்களுக்கே ஞாபகப்படுத்துறதுதான் எங்கடை தொழில். குறூப் ஹோமிலை வேலை செய்யிற அக்காமார், அண்ணைமாருக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. முதுகு நோ, ஆறின தேத்தண்ணி, வீட்டை போகச் சப்பாத்தைப் போட்ட பிறகு “அடுத்த ஆள் வரேல்லை, கொஞ்சம் நிக்கிறீங்களோ” எண்டு வாற போன், எல்லாம் உங்களுக்கும் உள்ளதுதான். ஸ்காபரோவிலை எந்தத் தமிழ் வீட்டு மணியை அடிச்சாலும் எங்களிலை ஒராள் அரை நித்திரையிலை வந்து கதவு திறக்கும்.

மற்றவைக்கு மட்டும் ஒரு சொல்லு. முந்தி இஞ்சை கனடாவிலை வளர்ச்சிக் குறைபாட்டோடை பிறந்த பிள்ளையளை, டொக்டர்மாரின்ரை சொல்லைக் கேட்டு, தாய் தேப்பன் கொண்டுபோய் ஊருக்கு வெளியிலை இருந்த பெரிய அரசாங்க விடுதியளிலை விட்டிட்டு வந்தவை. வந்த பிள்ளையள் அங்கையே வளந்து, அங்கையே பல்லு விழுந்து, அங்கையே நரைச்சுதுகள். பிறகு அந்த விடுதியளை ஒவ்வொண்டா மூடி, ஆக்களை ஊருக்குள்ளை சாதாரண வீடுகளுக்குக் கொண்டுவந்தாச்சு. அதுதான் குறூப் ஹோம். அப்பிடிக் கடைசியா மூடின ஒரு விடுதியிலையிருந்து நாலு பேர் நான் வேலை செய்யிற வீட்டுக்கு வந்தவை. பேரெல்லாம் மாத்திப்போட்டன். அவை இங்கிலீசிலை சொன்னதை எங்கடை தமிழிலை தாறன், குறை நினைக்காதேங்கோ.

வோல்ரரின்ரை பச்சைக் காற்சட்டை

வோல்ரருக்கு அறுபதுக்குக் கிட்ட. நாலு பேரிலை வாய் திறந்து கதைக்கிறவர் அவர் ஒராள்தான். மற்ற மூண்டு பேருக்கும் சேத்து அவரே கதைச்சுப்போடுவார். விடிய எழும்பினால் வெளியிலை எத்தினை பாகை குளிர், இரவு ஹொக்கியிலை ஆர் வெண்டது, விடுதியிலை ஆரின்ரை கட்டில் எந்த யன்னலுக்குக் கீழை கிடந்தது, சாப்பாட்டு வண்டிலிலை எந்தச் சில்லு கீச்சிட்டது எண்டு ஒண்டும் விடமாட்டார். நாங்கள் ஒரு கையிலை மருந்து, மற்றக் கையிலை உடுப்புக் கூடையோடை ஓடுற ஆக்கள். “ஓம் வோல்ரர்”, “அப்பிடியோ வோல்ரர்” எண்டு சொல்லிக்கொண்டு அங்காலை போவம். நீங்களும் அப்பிடித்தான் போறனீங்கள், எனக்குத் தெரியும்.

வந்த புதுசிலை அவருக்கு உடுப்பு வாங்கக் கூட்டிக்கொண்டு போனன். விடுதியிலை உடுப்பெல்லாம் ஒரே குவியல். தோய்ச்சு வந்தால் ஆருக்கு எது அளவோ அதைக் குடுத்துவிடுவினம். கடையிலை காற்சட்டையள் வரிசையாத் தொங்குது, மனிசன் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கொண்டு நிக்கிறார். ஒருக்கால் என்ரை முகத்தைப் பாப்பார், ஒருக்கால் காற்சட்டையைப் பாப்பார். “நீங்கள்தான் எடுக்க வேணும்” எண்டன். கன நேரத்துக்குப் பிறகு ஒரு பச்சைக் கோடுரோய்த் துணிக் காற்சட்டை எடுத்தார். சத்தியமாச் சொல்லுறன், அப்பிடி ஒரு அவலட்சணமான பச்சையை நான் இந்த நாட்டிலை காணேல்லை. வாயை மூடிக்கொண்டு வாங்கிக் குடுத்தன்.

ஒரு கிழமை முழுக்க அதோடைதான் திரிஞ்சார். தோய்க்கிற நாள் வந்தது. காஞ்ச காற்சட்டையை மெசினுக்குள்ளாலை தானே எடுத்து, மடிச்சு, ரெண்டு கையிலையும் ஏந்திக்கொண்டு என்னட்டை வந்து நிண்டார். கேட்ட கேள்விக்கு “நீங்கள்தான் வோல்ரர், வேறை ஆர்” எண்டு மறுமொழி சொன்னன். நம்பேல்லை. அடுத்த தரம் தோய்க்கேக்கையும் அதே மாதிரி ஏந்திக்கொண்டு வந்து அதையேதான் கேட்டார்: “வாற கிழமை இதை ஆர் போடுவினம்?”

காகத்துக்கு எண்டு நினைச்சது

எட்னா கதைக்கமாட்டா. சின்ன உருவம், வெள்ளைத் தலை, கைரெண்டும் மட்டும் நல்ல பலம். வந்த முதல் நாளிலையிருந்து சாப்பாட்டு மேசையிலை ஒரு கரைச்சல். கோப்பையிலை போட்டுக் குடுத்த சாப்பாட்டைக் கரண்டியாலை சரிபாதியாப் பிரிப்பா. ஒரு பாதியை நல்லா மசிச்சுச் சின்னக் கிண்ணத்திலை போட்டு, இடப்பக்கம் கிடக்கிற வெறுங் கதிரைக்கு முன்னாலை வைப்பா. பிறகு கரண்டியாலை கிண்ணத்தின்ரை விளிம்பிலை மெல்லத் தட்டுவா. தட்டிப்போட்டு இருப்பா. தன்ரை பாதியை அது குளிர்ந்து தோல் பிடிக்கும்வரைக்கும் தொடமாட்டா. அந்தக் கிண்ணத்தைப் பேந்து அறைக்குக் கொண்டுபோயிடுவா. மேசை லாச்சிக்குள்ளை மசிச்ச உருளைக்கிழங்கு, யன்னல் சீலைக்குப் பின்னாலை பட்டாணி. அறை நாறும். மனிசி நாளுக்கு நாள் மெலிஞ்சுகொண்டும் போனா.

எங்களுக்குள்ளை ஆளுக்கொரு விளக்கம். பட்டினி கிடந்து பழகின ஆக்கள் ஒளிச்சு வைப்பினம் எண்டு ஒராள். பூச்சி மருந்து குடுக்க வேணும் எண்டு இன்னொராள். எனக்கெண்டால் பாத்த உடனை பொறிதட்டினது. எங்கடை வீட்டிலை அமாவாசைக்கு அப்பாவுக்குப் படைச்சு, காகத்துக்கு வைச்சிட்டுத்தானே கையை நனைக்கிறனாங்கள்? இவவுக்கும் ஆரோ செத்துப்போச்சினம், அவைக்குத்தான் வைக்கிறா எண்டு நானே முடிவெடுத்திட்டன். எனக்குக் கண் கலங்கிப்போச்சுது. வெள்ளைக்காரிக்குள்ளையும் எங்கடை பழக்கம் இருக்கெண்டு என்ரை மனிசனுக்குப் போன் பண்ணிப் பெருமையாச் சொன்னனான்.

அடுத்த நாள் மத்தியானம், அவ தட்டி முடிச்ச கையோடை, நான் கிண்ணத்தைப் பக்குவமா ரெண்டு கையாலையும் எடுத்துக்கொண்டு போய்ப் பின்வளவு வேலியிலை வைச்சன். வந்தது காகமில்லை, கொழுத்த அணில் ஒண்டு. எட்னா ஒரு சத்தம் போட்டா பாருங்கோ, அப்பிடி ஒரு சத்தத்தை நான் அண்டைக்குத்தான் கேட்டன். சப்பாத்தில்லாமல் வெறும் மேசோட்டோடை பனிக்குள்ளை ஓடிவந்து, அணிலைக் கலைச்சு, கிண்ணத்தை நெஞ்சோடை அணைச்சுக்கொண்டு, வளவு முழுக்க ஆரையோ தேடுற மாதிரிச் சுத்திச் சுத்திப் பாத்தா. பிறகு அப்பிடியே பனியிலை இருந்து அழுதா. நாங்கள் தூக்கிக்கொண்டுவந்து காலைச் சூடாக்கி விட்டம். எனக்கு ஆரின்ரை முகத்தையும் பாக்க வெக்கமாக் கிடந்தது.

டையன் எண்டு எங்கடை மனேஜர். நெட்டை மனிசி, அதிர்ந்து கதைக்கமாட்டா. அவ என்னை ஏசிப் பேசேல்லை. பேசியிருந்தால் நல்லது போலை இருந்தது. எட்னாவின்ரை மேசோட்டைக் கழட்டிப் பிழிஞ்சுகொண்டே சொன்னா: “வசந்தி, செத்த ஆளுக்கு வைக்கிறதெண்டால் வைச்சிட்டுத் தன்ரையைச் சாப்பிட்டிருப்பா. இவ ஆரோ வருவினம் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறா.”

சாப்பாடு வராத ஹோல்

ஆர் எண்டதுதான் கேள்வி. எட்னாவுக்குக் குடும்பம் எண்டு ஒருத்தரும் இல்லை. டையன் எங்கையெல்லாமோ விசாரிச்சா, ஒண்டும் அம்பிடேல்லை. அந்த நேரம் பாத்து எங்கடை சொந்தத்துக்குள்ளை ஒரு ஐம்பதாவது பிறந்தநாள். ஹோலிலை எங்கடை ஆக்கள் முந்நூறு பேர் உடுத்து வெளிக்கிட்டு வந்து பசியிலை கிடக்க, கேக் வெட்டி, படம் எடுத்து, திரும்பவும் படம் எடுத்து, சாப்பாடு மட்டும் வரக் காணேல்லை. எனக்குப் பக்கத்துக் கதிரையிலை றெஜினா. மன்னார்ப் பிள்ளை, ஸ்காபரோவுக்குக் கிழக்கை விட்பி எண்ட ஊரிலை வேறை ஒரு நிறுவனத்தின்ரை குறூப் ஹோமிலை வேலை. எங்கடை தொழிலிலை ரெண்டு பேர் பக்கத்திலை இருந்தால் என்ன கதைப்பினம்? வேலையைத்தான். ஆனால் ஆரின்ரை பேரையும் வெளியிலை சொல்லக்கூடாது எண்டு எங்களுக்குச் சட்டம். அதாலை “என்ரை ஆள்”, “உம்மடை ஆள்” எண்டுதான் கதை.

“என்ரை ஆள் ஒண்டும் சாப்பிடுறா இல்லையக்கா” எண்டாள் றெஜினா. “மூடின விடுதியிலையிருந்து வந்தவ. கை வழங்காது, ஆராவது வாயிலை தீத்தித்தான் விட வேணும். ஆர் கரண்டியைக் கொண்டுபோனாலும் வாயை இறுக்கிப் பூட்டிப்போட்டு வலப்பக்கம் திரும்பிப் பாத்துக்கொண்டிருப்பா. எலும்பும் தோலுமாப் போனா. சாப்பாட்டை நேரா உள்ளை விட வயித்திலை ரியூப் வைக்க ஆஸ்பத்திரியிலை நாள் குறிச்சாச்சு.” நான் உச்சுக்கொட்டினன். என்ரை ஆளும் அந்த விடுதிதான், பாதியைத்தான் சாப்பிடுறா எண்டன். எங்கடை தொழிலிலை ஒருத்தரின்ரை கரைச்சலுக்கு மற்றவர் குடுக்கிற ஆறுதல் அதுதானே.

பிறகுதான் அவள் சும்மா ஒரு கதை சொன்னாள். “ஒரு நாள் நான் சிங்கிலை கிண்ணம் கழுவேக்கை கரண்டி தட்டுப்பட்டுது. திரும்பிப் பாக்கிறன், மனிசி குருவிக்குஞ்சு மாதிரி வாயைத் திறந்துகொண்டு இருக்கிறா. ஓடிப்போனன். என்ரை முகத்தைக் கண்டோடனை பூட்டிப்போட்டா.” மேசையிலை கிடந்த கரண்டியை எடுத்து, கிளாஸ் விளிம்பிலை, எட்னா தட்டுற மாதிரியே மெல்லத் தட்டிக் காட்டினன். “என்ரை ஆள் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் இப்பிடித் தட்டுறவ. இடப்பக்கக் கதிரையைப் பாத்து.”

ஒருத்தி இடப்பக்கம் பாக்கிறா, மற்றவ வலப்பக்கம் பாக்கிறா. சாப்பாடு திறந்தாச்சு எண்டு சனமெல்லாம் எழும்பி ஓடுது, நாங்கள் எழும்பேல்லை. றெஜினா என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு குரலை இறக்கிச் சொன்னாள்: “பேர் சொன்னால் என்ரை வேலை போயிடும் அக்கா. சொல்லாட்டில் அந்த மனிசிக்கு வயித்திலை ஓட்டை போட்டிடுவினம்.”

ஓம் வோல்ரர்

ரெண்டு பிள்ளையளோடை தனிய நிக்கிறவள் றெஜினா. அவளின்ரை வேலைக்கு உலை வைக்க எனக்கு மனமில்லை. அவளை இழுக்காமல் டையனிட்டை என்னெண்டு சொல்லுறது எண்டு யோசிச்சுக்கொண்டு அடுத்த நாள் வேலைக்குப் போனன். வோல்ரர் குசினியிலை இருந்து பாணுக்கு ஜாம் பூசிக்கொண்டு குளிரைப் பற்றிச் சொல்லுறார். அப்பதான் என்ரை மண்டையிலை உறைச்சது. இந்த மனிசனும் அதே விடுதிதானே?

பக்கத்திலை கதிரையை இழுத்துப்போட்டு இருந்தன். வந்த நாளிலையிருந்து அப்பிடி நான் அவருக்குப் பக்கத்திலை இருந்ததில்லை. “வோல்ரர், அங்கை எட்னாவுக்கு ஒரு சிநேகிதி இருந்தவவோ?” எண்டு கேட்டன். என்னை விசரி மாதிரிப் பாத்தார். “ஜோய்ஸ்” எண்டார். “நான்தானே சாப்பாட்டு வண்டில் தள்ளினனான். எட்னா தட்டுவா, ஜோய்ஸ் வாயைத் திறப்பா. ஜோய்ஸுக்குத் தீத்திப்போட்டுத்தான் எட்னா சாப்பிடுவா. சின்னப் பிள்ளையளா இருக்கேக்கையிருந்து அப்பிடித்தான். வேறை ஆர் தீத்தினாலும் ஜோய்ஸ் சாப்பிடமாட்டா.”

ஐயோ வோல்ரர், இதை ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை எண்டு கத்திப்போட்டன். மனிசன் கோபப்படேல்லை. ஜாம் கத்தியை நக்கி வைச்சிட்டு ஆறுதலாச் சொன்னார்: “ஜோய்ஸ் இன்னும் வரேல்லை எண்டு நான் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் சொல்லுறனான். நீங்கள் ‘ஓம் வோல்ரர்’ எண்டு சொல்லிப்போட்டுப் போறனீங்கள்.”

கரண்டி மாத்தின கதை

டையனிட்டை “வோல்ரர் சொன்னவர்” எண்டு மட்டும் சொன்னன். அது பொய்யும் இல்லை, றெஜினாவும் தப்பினாள். பேர் சொல்ல வேண்டிய இடத்திலை சொல்ல மனேஜருக்கு உரிமை இருக்கு. கதவைச் சாத்திப்போட்டு மத்தியானம் வரைக்கும் போனிலையே நிண்டா. ஜோய்ஸ் விட்பியிலை இருக்கிறா எண்டு கண்டுபிடிச்சு, அந்த வீட்டு மனேஜரைப் பிடிச்சு, ரியூப் வைக்க முதல் ஒரே ஒரு சாப்பாட்டுக்கு எட்னாவைக் கூட்டிக்கொண்டுவர விடுங்கோ எண்டு மண்டாடினா. அவையும் நல்ல ஆக்கள். வாங்கோ எண்டிட்டினம்.

அவை ரெண்டு பேரையும் பனிமாரி தொடங்கேக்கை பிரிச்சவை. நாங்கள் போகேக்கை மாரி முடியிற நேரம். வழி முழுக்க எட்னா வான் வண்டிக்குள்ளை கல்லுப்போலை இருந்தா. எங்கை போறம் எண்டு திரும்பத் திரும்பச் சொன்னம், விளங்கினதோ தெரியாது. உள்ளை போனால் மேசைக்கு முன்னாலை சில்லுக் கதிரையிலை ஜோய்ஸ். டையன் காட்டின பழைய படத்திலை பாத்த குண்டு மனிசி இல்லை, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நிக்குது. கட்டிப்பிடிச்சு அழப்போகினம் எண்டு நாங்கள் எல்லாரும் கண்ணைத் துடைக்க ஆயத்தமா நிண்டம். எட்னா அழேல்லை. கிட்டப் போய், ஜோய்ஸின்ரை கழுத்திலை கட்டியிருந்த துவாயைப் பாத்தா. பிழையாக் கட்டிக் கிடந்ததாக்கும், முகத்தைச் சுளிச்சுக்கொண்டு அவிட்டுத் திருப்பிக் கட்டினா. வலப்பக்கக் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தா. கரண்டியை எடுத்தா. தட்டினா.

ஜோய்ஸ் வாயைத் திறந்தா. எட்னா ஒரு வாய் வைச்சிட்டு, விழுங்கும்வரைக்கும் பாத்துக்கொண்டிருந்து, நாடியை ஒரு விரலாலை துடைச்சு, திரும்பவும் தட்டினா. கிண்ணம் வழிச்செடுக்கிற மட்டும் அப்பிடியேதான். றெஜினா என்னைத் தெரியாத மாதிரி நிண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி அழுதாள். பிறகு எட்னா தன்ரை பாதியை இழுத்துச் சாப்பிட்டா, ஆறிப்போனதைத்தான். அந்த வீட்டு நேர்ஸ், தலை நரைச்ச மனிசி, வெறுங் கிண்ணத்தைக் கையிலை எடுத்துப் பாத்துப்போட்டுச் சொன்னா: “நாங்கள் சாப்பாட்டை மாத்தினம், கதிரையை மாத்தினம், கரண்டியைக்கூட மாத்தினம்.”

எங்கடை ஒப்பீஸ்

டொக்டர் கொஞ்ச நாள் பாப்பம் எண்டு ரியூப்பைத் தள்ளிப்போட்டார். நாங்கள் ஒவ்வொரு மத்தியானமும் எட்னாவை ஏத்திக்கொண்டு விட்பிக்கு ஓடினம். 401 ஹைவே எப்பிடி எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு நாள் பனி கொட்டி, முன்னாலை லொறி ஒண்டு குறுக்காலை கிடந்து, அரைவழியிலை திரும்பி வந்தம். வீட்டை வந்த எட்னா கிண்ணத்தை வைச்சுத் தட்டிக்கொண்டே இருந்தா. அங்காலையிருந்தும் போன் வந்தது, ஜோய்ஸ் அண்டைக்கு ஒரு வாய் தொடேல்லையாம். மத்தியானம் ஒரு வேளைச் சாப்பாட்டோடை ஒரு மனிசியை எத்தினை நாளைக்கு வைச்சிருக்கிறது? உது சரிவராது, ரியூப்தான் எண்டு டொக்டர் திரும்பவும் சொல்லத் தொடங்கீட்டார்.

ஒரே வீட்டிலை விடலாமெண்டால் ரெண்டு வீட்டிலையும் அறை இல்லை. ஆளுக்கொரு அறை இருக்க வேணும் எண்டது விதி. நல்ல விதிதான், ஒரே மண்டபத்துக்குள்ளை வரிசை வரிசையாக் கட்டில் போட்டுப் படுத்த ஆக்களுக்காக எத்தினையோ பேர் போராடி வாங்கினது. டையன் வீட்டைச் சுத்திச் சுத்தி நடந்தா. நடந்துபோட்டு எங்கடை ஒப்பீஸுக்குள்ளை வந்து நிண்டா. கீழ்த்தட்டிலை நல்ல வெளிச்சமான அறை. எங்கடை கொம்பியூட்டர், மருந்து அலுமாரி, நாங்கள் ஒரு நிமிசம் காலை நீட்டுற சோபா, எல்லாம் அதுக்குள்ளைதான். “இதை ஜோய்ஸுக்குக் குடுக்கப்போறன்” எண்டா.

உண்மையைச் சொல்லுறன், எனக்குக் கோபம் ஏறிச்சுது. ஜோய்ஸ் வரவேணும், வேண்டாமெண்டு சொல்ல நான் ஆர்? அதுக்காக எங்களுக்கெண்டு கிடக்கிற ஒரே ஒரு மூலையையோ? நாங்கள் எங்கை இருந்து எழுதுறது, உடுப்புத் தோய்க்கிற மெசினுக்கு மேலையோ? என்ரை கோட்டை, என்ரை சாப்பாட்டுப் பெட்டியை எங்கை வைக்கிறது? மனேஜர் எங்களோடை நாலு நாள் நிண்டுபாத்தால் எல்லோ தெரியும் எண்டு கோப்பையளைப் படார் படார் எண்டு அடுக்கினன். சாப்பாட்டு மேசையிலை இருந்து வோல்ரர் என்னைப் பாத்துக்கொண்டிருந்தார். வழக்கம்போலை எங்கடை மறுமொழிக்குக் காத்திருக்காமல் சொன்னார்: “உங்களுக்கு வீட்டை போனால் வீடு இருக்குத்தானே, வசந்தி?”

கதவு

ஜோய்ஸ் வந்தா. ரியூப் கதை அதோடை சரி. கழுத்தெலும்பு கொஞ்சம் கொஞ்சமா மறைஞ்சது. எட்னாவும் தேறினா, லாச்சிக்குள்ளை உருளைக்கிழங்கு காயிறதும் நிண்டுது. முதல் கிழமையே எட்னா தன்ரை மெத்தையை மேல்தட்டிலையிருந்து தானே இழுத்துக்கொண்டுவந்து ஜோய்ஸின்ரை கட்டிலுக்குப் பக்கத்திலை நிலத்திலை போட்டிட்டா. அந்தச் சின்ன உருவம் எப்பிடிப் படியாலை இறக்கினது எண்டு இண்டைக்கும் எனக்கு விளங்கேல்லை. நாங்கள் மேலை கொண்டுபோவம், அவ கீழை இறக்குவா. கடைசியிலை கட்டிலையே இறக்கிப் போட்டம்.

அதுக்குப் பிறகு எங்களுக்குக் காசு குடுக்கிற இடத்திலையிருந்து வீட்டைச் சோதிக்க ஒரு அதிகாரி வந்தா. சின்ன வயசு, நல்ல மரியாதை. மேலை எட்னாவின்ரை அறை வெறிச்சோடிக் கிடக்கு, கீழை ஒரு அறைக்குள்ளை ரெண்டு கட்டில். அவவின்ரை முகம் கறுத்துப்போச்சுது. “விடுதியிலையிருந்து இவையை வெளியிலை எடுத்ததே இதுக்காகத்தானே? தனி அறை எட்னாவின்ரை உரிமை” எண்டா. பிழை சொல்ல ஏலாது, அவ சொன்னது உண்மை. ரெண்டு பேரையும் பிரிக்கச் சொல்லி எழுதிப்போடுவா எண்டு பயந்தன். திரும்பவும் ஜோய்ஸ் வாயைப் பூட்டினால் பிறகு ரியூப்தான். டையன் வாதாடேல்லை. “எட்னாவின்ரை உரிமையெண்டால் எட்னாவைத்தான் கேக்க வேணும்” எண்டு எங்களைக் கூட்டிக்கொண்டு அந்த அறை வாசலுக்குப் போனா.

ஜோய்ஸ் கட்டிலிலை சாய்ஞ்சு இருக்கிறா, எட்னா பக்கத்திலை இருந்து சீப்பாலை தலை இழுத்து விடுறா. டையன் வாசலிலை நிண்டபடியே ஆறுதலா, சொல்லுச் சொல்லாக் கேட்டா. “எட்னா, மேலை உங்களுக்கு ஒரு அறை இருக்கு, உங்களுக்கு மட்டும். அங்கை போகப்போறீங்களோ? இஞ்சை இருக்கப்போறீங்களோ?” எட்னா சீப்பை வைச்சா. எழும்பி வந்தா. எங்கள் மூண்டு பேரையும் ஒவ்வொருத்தரா வடிவாப் பாத்தா. விடுதியிலை அவையின்ரை படுக்கை மண்டபத்துக்குக் கதவே இல்லையாம். இவ்வளவு காலமும் அவ ஒரு கதவைச் சாத்தினதை நாங்கள் ஒருத்தரும் காணேல்லை. எங்கடை மூக்குக்கு முன்னாலை, சத்தம் வராமல், மெல்லத் தள்ளிச் சாத்தினா. கொழுக்கி விழுந்த சத்தம் மட்டும் கேட்டது.

அதிகாரிப் பிள்ளை பேனையை வைச்சுக்கொண்டு கதவைப் பாத்தபடி நிண்டா. கண் கலங்கினது எனக்குத் தெரிஞ்சது. “அவ ஒண்டும் சொல்லேல்லையே, நான் என்னெண்டு எழுதுறது?” எண்டு மெல்லக் கேட்டா. டையன் சாத்தின கதவைக் காட்டிச் சொன்னா: “கேட்டனாங்கள், கதவைச் சாத்திப்போட்டா எண்டு எழுதுங்கோ.”

முதுகு நோகாமல் ஆளைத் தூக்கிறது எப்பிடி எண்டு எங்களுக்கு வருசா வருசம் வகுப்பு வைக்கினம், ஒரு ஆளிட்டை “உங்கடை ஆள் ஆர்?” எண்டு கேக்கிறது எப்பிடி எண்டதுக்கு மட்டும் இண்டைவரைக்கும் ஒரு வகுப்பும் வைச்சதில்லை.